கிரில்லில் மாட்டிய வளையல்

என் பேத்தி பிறந்து இன்றோடு பன்னிரண்டு நாள். கைப்பேசியில் அவளுடைய படம் இருநூறுக்கு மேல் இருக்கிறது. ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே உள்ள கோப்பிக் கடையில் என்னைக் கண்டாலே, படம் காட்ட வந்துவிட்டேன் என்று ஆட்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது ஆசியா பீவி அக்காவைப் பற்றி.

எங்கள் பிளாட்டில் பிறந்த பிள்ளைகளை முப்பது வருடமாகக் குளிப்பாட்டியவர் அவர்தான். என் மகள் ரூபினியும் அந்தக் கால்களில் படுத்துக் குளித்தவள்தான். ஒரு வீட்டுக்குள் நுழையுமுன் இரண்டு கை வளையலையும் கழற்றி வாசல் கிரில்லில் மாட்டிவிடுவார். பிள்ளை மேல் கீறிவிடக் கூடாது. வேலை முடிந்து வெளியே வந்த பிறகுதான் திரும்பப் போடுவார். யாரும் அவரை விசாரித்து அழைத்ததில்லை. பக்கத்து வீட்டு கிரில்லில் வளையல் தொங்கினால் போதும், நம்பிக் கூப்பிடுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் என் மைத்துனி மகள் ரமணிக்குக் குழந்தை பிறந்தது. ஒரு காலை நான் பார்க்கப் போனபோது பீவி அக்கா குளிப்பாட்டி முடித்து, வாசலில் வளையலைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய்ப் பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சினேன். நெற்றியில் ஒன்றும் இல்லை. மத்தியானம் நான் கிளம்புமுன் அதே நெற்றி வீங்கியிருந்தது. ரமணி போனில் பேசிக்கொண்டிருந்தபோது பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறது. மாமியாருக்குப் பயந்து, "காலையில குளிப்பாட்டும்போது பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. சொந்தக்காரப் பெண், குடும்பம் கெட்டுவிடும் என்று நினைத்தேன்.

யாரும் பீவி அக்காவிடம் சண்டைக்குப் போகவில்லை. "வயசாச்சு லா, கை நடுங்குதாம்" என்றார்கள். அதன்பின் எந்த கிரில்லிலும் அந்த வளையல் தொங்கவில்லை. அவர் டோபி கடையில் துணி மடிக்கப் போனார்.

என் பேத்தி வந்ததும், "அவங்க வேணாம்பா. பயமா இருக்கு" என்றாள் ரூபினி. நேற்றுதான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். மடியிலிருந்த பிள்ளையின் நெற்றியைத் தடவினாள். பிறகு, "போய் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

இன்று காலை டோபி கடைக்குப் போனேன்.

"பேத்தியாமே? யாரு மாதிரி?" என்றார் அக்கா.

"என்னை மாதிரிதான் லா."

"பாவம் பிள்ள" என்று சிரித்தார்.

"நீங்கதான் வந்து குளிப்பாட்டணும், அக்கா. ரமணி வீட்டு விஷயத்த ரூபினிகிட்ட சொல்லிட்டேன்."

அவர் கையிலிருந்த துண்டை மடித்து முடித்தார்.

"அன்னிக்கி நான் வேலை முடிச்சு வளையல் போடுறப்பதானே நீங்க உள்ள போனீங்க? நீங்க சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன், தம்பி. ஒரு வாரம் வரைக்கும் எனக்குக் கவலையே இல்ல."

அவர் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். கொஞ்சமும் நடுங்கவில்லை.

"கை நல்லாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு உங்க வீட்டுப் பிள்ளைக்கு ஒரு காயம் பட்டா, நீங்க பேசுவீங்களா?"

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். காயம் ரூபினி கையால் பட்டிருந்தால், சொந்த மகளாயிற்றே என்று ஒரு கணம் மனம் தயங்கியது. அதற்குள் அவர் அடுத்த துணியை எடுத்துவிட்டார்.

"போங்க தம்பி. தண்ணி ஆறிடும்."

வீட்டில் ரூபினி கிரில்லைத் திறந்து வைத்து, தண்ணீரும் விளாவி வைத்திருந்தாள். என் பின்னால் எட்டிப் பார்த்தாள். நானே காலை நீட்டி உட்கார்ந்து பேத்தியை வாங்கினேன்.

"அப்பா, உங்களுக்கு கை நடுங்குது. பிள்ளைய குடுங்க" என்றாள்.

கொடுத்துவிட்டேன்.