பனிப் பலகை சுமக்க ஒரு பை

போத்தனூரில் காலை ஒன்பதரைக்குப் பேருந்து ஏறினேன். டவுன்ஹாலுக்கு ஏழு கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். மூன்றாம் நாள் எனக்கு டெல்லி ரயில். அங்கிருந்து உத்தரகண்டின் ஔலிக்குப் போய்ப் பதினான்கு நாள் பனிச்சறுக்கு பழக வேண்டும். நாற்பத்தெட்டு வயதில், கல்லூரி ஆய்வக வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு. எல்லாம் தயார், முதுகுப் பையைத் தவிர.

பயிற்சி நிலையத்தார் தெளிவாக எழுதியிருந்தார்கள். முப்பது லிட்டர் பை, சறுக்குப் பலகைகளைப் பக்கவாட்டில் மாட்ட வார், எடையை இடுப்பில் இறக்கும் பெல்ட். அந்த பெல்ட்தான் எனக்கு முக்கியம். இரண்டு வருடம் முன்பு ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் இடது காறை எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். "தோள்ல கனம் ஏத்துனீங்கன்னா நான் பொறுப்பில்லைங்க" என்று சொல்லித்தான் டாக்டர் சம்மதித்தார்.

10.15, ஒப்பணக்கார வீதி. கடைக்காரர் நான் சொன்னதை முழுக்கக் கேட்கவில்லை.

"ஊட்டிக்குத்தானுங்க போறீங்க? இந்த லேப்டாப் பேக் போதுமுங்க."

"ஊட்டியில ஏதுங்க பனிச்சறுக்கு?"

"அப்பச் சக்கரம் வெச்ச பெட்டி எடுத்துக்கோங்க. முதுகுல சுமக்கவே வேண்டாமுங்க."

பனிமலையில் சக்கரப் பெட்டி! வெளியே வந்தேன்.

12.00, காந்திபுரம். இங்கே ஒரு பெண் அறுபது லிட்டர் பையை என் முதுகில் ஏற்றினாள். இடுப்பு பெல்ட் தொடையில் தொங்கியது. "இறுக்குனாச் செரியாப் போயிருமுங்க அம்மணி" என்றாள். இறுக்கினேன், கால் எடுத்து வைக்க முடியவில்லை. "பையில ஒண்ணும் கோளாறில்லீங்க, நீங்கதான் உயரம் கம்மி" என்று தீர்ப்புச் சொன்னாள். அடுத்த இரண்டு கடைகளிலும் இதே கதை. ஒருவர் மட்டும் மழை உறை இலவசம் என்றார்.

2.30, அவிநாசி சாலையில் பெரிய விளையாட்டுக் கடை. முப்பத்திரண்டு லிட்டர், 3,499 ரூபாய். பெல்ட் இடுப்பெலும்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் காலிப் பை யாருக்கும் சுகமாகத்தான் இருக்கும். ஆறு கிலோ டம்பெல்லை உள்ளே வைக்கச் சொன்னேன்.

"பை கிழிஞ்சு போச்சுன்னா மேடம்?" என்றார் விற்பனையாளர்.

"கடையிலயே கிழியற பையத்தான் மலைக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?"

வேண்டாவெறுப்பாக வைத்தார். இருபது நிமிடம் கடைக்குள் சுற்றி நடந்தேன்; காவலாளி பின்னாலேயே வந்தார். தோள் வலிக்கவில்லை. ஆனால் பலகை மாட்ட வார் இல்லை. வார் உள்ள பை ஆர்டர் போட்டால் எட்டு நாளில் வருமாம். மூன்றாம் நாள் ரயில் என்று அவரிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததையே வாங்கினேன்.

4.15, கோட்டைமேடு. ஆட்டோவுக்கு 250 ரூபாய். பள்ளிப் பைகள் தைக்கும் பட்டறை. உரிமையாளர் யாசின் பாய்க்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கவாட்டில் இரண்டு வார் தைத்தால் போதும் என்றேன். அவர் ஊசியைத் தொடவே இல்லை.

"அந்தப் பலகை ஓரம் எப்படி இருக்குங்க்கா? மழுங்கலா, கூரா?"

தெரியவில்லை. காலையிலிருந்து எல்லோரையும் மனதுக்குள் திட்டியவளுக்கு இது தெரியவில்லை. பயிற்சியாளருக்கு போன் செய்தேன். ஓரத்தில் இரும்புப் பட்டை, கத்தி போல இருக்கும் என்றார்.

"இந்த நாடாவ வெச்சுத் தெச்சிருந்தா அறுத்துப் போட்டிருக்குமுங்க" என்று பாய் எழுந்துபோய், மில்லில் கழித்துப்போட்ட கனத்த ரப்பர் பெல்ட்டைக் கொண்டுவந்தார். அதை வெட்டி, கீழே வளையமும் மேலே இறுக்கு வாரும் தைத்தார். இரண்டு மரச் சட்டங்களை மாட்டி என்னை மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். மூன்றாவது முறை ஒரு சட்டம் ஆடியது. தையலைப் பிரித்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

"ஏனுங்க பாய், இதே போதாதுங்களா?"

"மலையில ஆடுனா யாரு வந்து தெச்சுக் குடுப்பாங்க? உக்காருங்க்கா, டீ வரட்டும்."

மறுபடி தைத்து, ஆறரைக்கு விட்டார்.

ஔலியில் முதல் ஐந்து நாள் பை தேவைப்படவே இல்லை. விழுவதும் எழுவதுமாகப் போயிற்று. ஆறாம் நாள் பலகைகளை மாட்டிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் ஏறினோம். பாதி வழியில் பயந்துபோய் நின்று இடது தோளைத் தொட்டுப் பார்த்தேன். வலி இல்லை, கனம் முழுக்க இடுப்பில் இருந்தது. என் ஊரில் அன்று நான் பார்த்த எவரும் பனியைப் பார்த்தவராகத் தெரியவில்லை, பாய் உட்பட. அவர் மட்டும் தெரியாததைக் கேட்டார்.

உச்சியில் பையை இறக்கிவிட்டு, இடது கையைத் தலைக்கு மேலே முழுதாகத் தூக்கினேன். இரண்டு வருடத்தில் முதல் முறை, டாக்டர் தூக்கிக் காட்டச் சொல்லாமலே.