கல்லை ஓரமாக வைத்தது யார்?

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். இந்தப் பக்கத்துக்கு எழுதுகிறவர்களைப் போல எனக்கு எழுத வராது. தெரிந்தும் துணிந்துவிட்டேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஆடி மாதம், கோத்தகிரிக்குக் கீழே அரவேணுவில் நடந்தது இது. எங்கள் வீடு ரோட்டிலிருந்து படி இறங்கி, தேயிலைக்கு நடுவில் இருக்கிறது. எங்கள் சின்னப் பழைய கார் மேலே ரோட்டோரம்தான் நிற்கும். வாசலில் நின்று பார்த்தால் தெரியாது. என் கணவருக்கு வாரம் இரண்டு முறை மேட்டுப்பாளையத்தில் டயாலிசிஸ். அதற்காகவே நாற்பது வயதுக்கு மேல் நான் வண்டி ஓட்டப் பழகினேன். ஒருமுறை மண் சரிந்து ரோடு அடைபட்டதில் முறை ஒரு நாள் தள்ளிப்போனது. அன்று இரவெல்லாம் அவரால் படுக்க முடியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். அதிலிருந்து கார் இருக்கிறதா என்று அடிக்கடி மேலே ஏறிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து ஊரில் ரோட்டோரம் நின்ற ஒரு காரை யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் பக்கம் எல்லாரும் பூட்டைப் பற்றியே பேச ஆரம்பித்தார்கள். எனக்கும் ஒரு பூட்டு வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எங்கள் ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து வரும் குறுகலான ரோடு அது. தேயிலைத் தழை ஏற்ற ஃபேக்டரி லாரி வந்தால் கார்களை ஒதுக்கியே ஆக வேண்டும். கார்க்காரர்களோ கீழே வீட்டில் இருப்பார்கள், இல்லாவிட்டால் தோட்டத்தில் இருப்பார்கள். அதனால் எல்லாக் காரின் இன்னொரு சாவியும் முக்கில் இருக்கும் டீக்கடையில் ஆணியில் தொங்கும். ஓட்டத் தெரிந்த யாராவது எடுத்து ஒதுக்கிவிடுவார்கள். சரிவு என்பதால் சக்கரத்துக்குக் கல் வைத்துத்தான் வண்டியை நிறுத்துவோம். எடுக்கிறவர் அந்தக் கல்லை ஓரமாகத் தள்ளி வைக்க வேண்டும். நடு ரோட்டில் விட்டுப் போனால் மூடுபனியில் பைக்கில் வருகிறவர் விழுவார். இதில் தவறினால் டீக்கடையில் ஒரு வாரத்துக்குத் திட்டு விழும்.

குன்னூரில் கார் சாமான் விற்கும் கடைக்குத் தனியாகப் போனேன். முதலில் வாசலில் தொங்கிய சீட் உறைகளைப் பார்ப்பதுபோல நின்றேன். கடைக்காரத் தம்பியே கூப்பிட்டு உட்கார வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பார்க்கப் பார்க்க எனக்குக் கூச்சம் போய் ஆர்வம் வந்துவிட்டது. ஸ்டீயரிங்கில் மாட்டும் சிவப்புத் தடியைக் கையில் வாங்கிப் பூட்டித் திறந்து பார்த்தேன். கியர் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். அலாரத்தைப் பற்றி எனக்கே தெரியும். எங்கள் ரோட்டில் ஒரு காரில் இருக்கிறது. குரங்கு குதித்தாலும் கத்தும், காட்டெருமை உரசினாலும் கத்தும். இப்போதெல்லாம் அது கத்தினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"தடி போட்டுட்டா, அவசரத்துக்கு வேற ஆளு வண்டிய நகத்த முடியாதுங்களே?" என்று கேட்டேன்.

"வேற ஆளு எதுக்குங்க்கா நகத்தோணும்?"

டீக்கடை ஆணியைப் பற்றிச் சொன்னேன். தம்பி கையில் இருந்த தடியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க்கா, சாவிய டீக்கடைல மாட்டிப்போட்டு, பூட்டு வாங்க வந்தீங்களா?"

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் ஜிபிஎஸ் என்னும் சின்னப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். காருக்குள் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுவார்கள். வண்டி நகர்ந்தால் என் போனில் மணி அடிக்கும். வரைபடத்தில் கார் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். ஒதுக்குகிறவர்களுக்கும் இடைஞ்சல் இல்லை. போன் திரையில் ஒரு சிவப்புப் பொத்தானும் இருந்தது.

"திருடன் ஓட்டிட்டுப் போனா இதை அமுத்துங்க. சட்டுனு நிக்காது. எங்கயாச்சும் வேகம் கொறையறப்ப எஞ்சின் ஆஃப் ஆயிரும். அப்பறம் அவன் என்ன பண்ணுனாலும் ஸ்டார்ட் ஆகாது" என்றார் தம்பி.

ஊரில் நான் யாரிடமும் இந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. திருடன் காதுக்குப் போய்விடுமாம்!

மாட்டிய மூன்றாவது வாரம், டயாலிசிஸ் நாள். விடியற்காலையில் அடுப்படியில் இருந்தேன். வெளியே மழையும் காற்றும் ஒரே இரைச்சல். போனில் மணி அடித்தது. அந்த நேரத்தில் தழை லாரி வராது. செருப்புக்கூடப் போடாமல் படியேறி ஓடினேன். கார் இல்லை. ரோட்டில் ஆளும் இல்லை. டீக்கடை பாதி திறந்து கிடந்தது, உள்ளே யாரும் இல்லை. ஆணியில் எங்கள் சாவியும் இல்லை.

திரும்பும்போது கார் நின்ற இடத்தைப் பார்த்தேன். எங்கள் கல் ரோட்டோரப் புல்லில், யார் காலிலும் படாதபடி ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

வீட்டுக்கு ஓடி வந்து கணவரை எழுப்பினேன். வீங்கிய காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். இருவரும் புள்ளியைப் பார்த்தோம். அது மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

"பொத்தான அமுத்து. இன்னும் என்னத்தப் பாத்துட்டிருக்கே?" என்றார்.

"ஏனுங்க, கல்லை ஓரமா எடுத்து வெச்சிருக்காங்க."

"கல்லு கெடக்குது, கார் போயிருச்சு! திருடன் உனக்கு ரோட்டக் கூட்டிக் கோலமும் போட்டுட்டுப் போவானா?"

"இல்லீங்க, வண்டி மேல கோத்தகிரிக்குப் போகுது பாருங்க. திருடனா இருந்தா மேட்டுப்பாளையத்துக்குத்தானுங்க எறங்குவான்?"

"நீ போலீஸ் வேல பாக்காதே. அமுத்து!"

பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்துவிட்டேன். அப்போது புள்ளி ஒரு வளைவில் நின்றது. ஏன் நிற்கிறது? மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி நகர்ந்தது. பயத்தைவிட இவன் எங்கேதான் போகிறான் என்று தெரிந்துகொள்ளும் ஆவல்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. இன்னும் ஒரு வளைவு பார்ப்போம், இன்னும் ஒரு வளைவு பார்ப்போம் என்று விரலை அழுத்தாமலே வைத்திருந்தேன். கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை அவர் பிடுங்கவில்லை. அதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

புள்ளி கோத்தகிரிக்குள் போனது. பஸ் நிலையத்தைத் தாண்டியது. அரசு ஆஸ்பத்திரிக்குள் திரும்பி நின்றது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தூங்கட்டும் என்று நான் அணைத்து வைத்திருந்த அவருடைய போனை எடுத்து ஆன் செய்தார். டீக்கடை அண்ணன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்ததாக மெசேஜ் வந்து விழுந்தது. ஊரில் எல்லாரிடமும் அவருடைய நம்பர்தான் இருந்தது. என் நம்பரை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. கேட்டாலும் சிரித்து நழுவிவிடுவேன்.

கூப்பிட்டதும் அண்ணன் எடுத்தார். போனை வாங்கி நான்தான் "அண்ணா" என்றேன்.

"அம்மணி, கோவிச்சுக்காதீங்க. மேல்வரிசை வீட்டு அக்காள காட்டெருமை முட்டிப்போடுச்சு. தொடையில ரத்தம் நிக்கவே இல்ல. ஆம்புலன்சு வேற எங்கயோ போயிருக்குதாம். ஆணியில மொதல்ல கையில பட்டது உங்க சாவிங்க. கீழ வந்து சொல்றதுக்கு நேரமில்ல. மேல நின்னு கத்திப் பாத்தேன், மழையில கேக்கல."

"அக்கா எப்படி இருக்காங்க அண்ணா?"

"உள்ள கொண்டு போயிட்டாங்க. இன்னுங் கொஞ்சம் விட்டிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொல்றாரு. வண்டிக்கு ஒண்ணும் ஆகலீங்க. ஒரு வளைவுல மட்டும் பஸ்ஸுக்கு வழி வுட்டு நின்னு எடுத்தேன்."

அந்த வளைவு. நான் அழுத்தியிருந்தால் கார் அங்கேயே அணைந்து போயிருக்கும். ரத்தம் நிற்காத அக்காவோடு மழையில் அண்ணன் சாவியைத் திருகிக்கொண்டிருந்திருப்பார். போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டேன்.

அண்ணன் காரைக் கொண்டு வந்து விட்டார். பின் சீட்டை ஈரத்துணியால் துடைத்திருந்தார். மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். நர்சம்மா முகத்தைச் சுளித்தாலும் கடைசிப் படுக்கையைக் கொடுத்தார். மேல்வரிசை அக்கா இப்போது குச்சி ஊன்றி நடக்கிறார். எங்கள் காரைத் தாண்டும்போதெல்லாம் அதை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போவார்.

பெட்டியை நான் கழற்றவில்லை. திருடர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கார் எங்கே இருக்கிறது என்றுதான் அந்தப் புள்ளி சொல்கிறது. உள்ளே இருப்பது யார், அவருக்கு என்ன அவசரம் என்பதைச் சொல்ல ஊரில் நாலு பேரிடம் என் நம்பர் இருக்க வேண்டும் என்பது, கூச்சத்திலேயே பாதி வயதைக் கழித்த எனக்கு அன்றுதான் உறைத்தது.

மறுநாள் டீக்கடைச் சுவரில், சாவி ஆணிக்கு மேலே, கரிக்கட்டையால் என் நம்பரை எழுதினேன். மத்தியானம் அண்ணன் கூப்பிட்டார். தழை லாரி வந்திருக்கிறது, காரை ஒதுக்கட்டுமா என்று கேட்டார். ஒதுக்குங்கள் என்றேன்.