ஹேமலதா டீச்சர் கேட்காமல் விட்ட கேள்வி

ஹேமலதா பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடொன்றில். அங்கே அவள் குடும்பத்தைக் கள்ளத்தோணி என்றார்கள். கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, அரியலூர்ப் பக்கம் வெள்ளக்கரையில் அப்பா ஒருவழியாகக் காலூன்றியபோது அவளுக்குப் பத்து வயது. இங்கே சிலோன்காரி என்றார்கள். படித்து, அதே ஊர்த் தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ‘டீச்சர்’ என்ற பெயர் அதை மறைத்தது.

வெள்ளக்கரைக்கு ஒரே ரோடு. சுண்ணாம்புக்கல் லாரிகள் எல்லாம் அதில்தான் ஆலைக்குப் போகும். ஒரு லாரி கடந்தால் பாடம் நின்றுபோகும், பிள்ளைகள் இருமி முடிக்கவேண்டும். பள்ளிக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்த ஆண்டாயிதான் ஒருநாள் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தத் தடவ பஞ்சாயத்துத் தலைவர் பதவி பொம்பளைங்களுக்குன்னு வந்துருக்கு. நீங்க நில்லுங்க டீச்சர்.”

“எனக்கு யாரு ஓட்டுப் போடுவாங்கக்கா?”

“நில்லுங்கங்கறேன். கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

சொன்னபடியே தெருத்தெருவாக வந்தாள். “கப்பல்ல வந்தவ கையில ஊரக் குடுக்குறதா?” என்று ஒருவன் கேட்டதற்கு, “ஒம் மவனுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுத்தது அந்தக் கப்பல்காரிதான்டா” என்று வாயடைத்தாள். ஹேமலதா ஜெயித்தாள். தாய்மார்களோடு ரோட்டில் உட்கார்ந்து, பள்ளி தொடங்கும் நேரமும் விடும் நேரமும் லாரி ஓடக்கூடாதென்று கலெக்டரிடம் உத்தரவு வாங்கினாள். பேர் பெரம்பலூர் வரைக்கும் போனது. ஒரு கட்சி கூப்பிட்டுச் சட்டமன்றத்துக்கு நிறுத்தியது. ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை கொண்டுவருகிறேன் என்றுதான் ஓட்டுக் கேட்டாள். அதிலும் ஜெயித்தாள்.

முதல் கூட்டத்தொடரிலேயே அந்தச் சாலையைப் பற்றிக் கேள்வி எழுதி வைத்திருந்தாள். கட்சியின் மாவட்டச் செயலாளர் கலைவாணன் போனில் வந்தார்.

“நம்ம ஆட்சியில நம்மளே கேட்டா நல்லாவாம்மா இருக்கும்? நெலம் எடுக்குறதுல சிக்கல் இருக்கு. அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்.”

அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னார். எங்கே போனாலும் வந்தேறி என்று பார்க்கப்பட்டவளுக்கு, ‘நம்ம’ என்று யாராவது சொன்னால் எதிர்த்துப் பேச வாய் வராது. பொறுத்திருந்தால் காரியம் நடக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஊருக்கு வரும்போதெல்லாம் ஆண்டாயி கேட்பாள்: “ரோடு என்னாச்சு டீச்சர்?”

“வருதுக்கா.”

கொஞ்ச நாளில் ஆண்டாயி கேட்பதை விட்டுவிட்டாள். அதுதான் ஹேமலதாவுக்கு அதிகம் உறுத்தியது.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை, குழாயடிக்கு ரோட்டைக் கடந்த ஆண்டாயியை லாரி அடித்துப்போட்டது. சென்னையிலிருந்து ஹேமலதா வந்து சேர்ந்தபோது சனம் மறியலில் இருந்தது. உடம்பை எடுக்க விடவில்லை. தார்ப்பாய் போர்த்திய உடம்பின் பக்கத்தில் ஆண்டாயியின் மகள் சத்யப்பிரியா உட்கார்ந்திருந்தாள். ஹேமலதாவிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள், இப்போது பெரம்பலூரில் நர்ஸ்.

“மேடம்” என்றாள். டீச்சர் என்று சொல்லவில்லை. “சட்டசபையில இந்த ரோட்டப் பத்தி ஒரு வார்த்த கேட்டீங்களா?”

சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஹேமலதாவின் வாயையே பார்த்தார்கள். பொய் சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்குத் தெரியப்போகிறது?

“கேக்கல பாப்பா.”

அதற்குமேல் நிற்க முடியாமல் அந்த ஈர ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறியலில் எம்.எல்.ஏ.வும் உட்கார்ந்துவிட்டார் என்று செய்தி பறந்தது. கலைவாணன் மாறி மாறிக் கூப்பிட்டார். அவள் போனை அணைத்தாள்.

அடுத்த கூட்டத்தொடரில் யாரையும் கேட்காமல் எழுந்து கேட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்றார் அமைச்சர். அதிகாரிகள் வந்து எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனார்கள். இன்றைக்கு அவற்றில் ஆடு கட்டுகிறார்கள். அடுத்த தேர்தலில் கட்சி அவளுக்குச் சீட்டுத் தரவில்லை. ஏன் என்று அவளும் போய்க் கேட்கவில்லை.

பழைய பள்ளியிலேயே திரும்பச் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் பெரம்பலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் சத்யப்பிரியா ஏறினாள். ஹேமலதா பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அந்தப் பெண் அவளைப் பார்த்தாள், தலையை மட்டும் லேசாக அசைத்தாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.