வெயில் குடித்த தொட்டி

மழை பெய்தால் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்தத்தில் பாசி வாசம் எழும். மைசூரில் நான் தேடித்தேடி பிளாட் வாங்கியது, சிறுவயதில் நான் சேறு மிதித்த ஏரியின் மேலேயே.

அந்தக் கரையில் ஒரு தகரத் தொட்டி இருந்தது. வெயில் தினமும் ஏரியிலிருந்து எவ்வளவு குடிக்கிறது என்று அறிய, தொட்டியில் குறைந்த நீரை அளந்து எழுதுவது அப்பாவின் வேலை. கொக்குகள் கத்த, கோரைப்புல் சலசலக்க, சாயங்காலம் முழுக்க சேற்றில் புரண்டுவிட்டு, அந்தத் தொட்டி நீரை வாரி வாரிக் கால் கழுவிக்கொண்டு நல்ல பிள்ளையாய் வீட்டுக்குப் போவேன்.

ஒருநாள் அதிகாரி வந்தார். "ஏனப்பா, ஒரே நாள்ல இவ்ளோ குறையுமா? அளக்காமயே எழுதறியா?"

"நிஜவாக்லூ சார், நெசமாத்தான், வெயில் ஜாஸ்தி" என்றார் அப்பா.

பக்கத்தில் நின்ற நான் ஈரக் கால்களைக் கோரைப்புல்லுக்குள் மறைத்துக்கொண்டேன். அப்பாவை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு வண்டல் மேடிட்டு, ஏரி வற்றி, மனை போட்டபோதும் அவர் வெயிலைத்தான் திட்டினார்.

நேற்று மகள் கேட்டாள்: "அப்பா, இங்க கெரே, பெரிய ஏரி இருந்துச்சாமே, எங்க போச்சு?"

"வெயில் குடிச்சிடுச்சும்மா" என்றேன். கால்கள் மட்டும் தாமாகவே நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன.