எல்லாரும் வந்து நடுங்க

கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல் ஒருவர் விரலை நீட்டி, "இந்த ஆள்தானே உன்னை மயக்கிக் கடத்திக்கொண்டு போனது?" என்று கேட்டார். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "அவரு என்னை இஸ்துக்கினு போவலைங்க. நாந்தான் அவரை இஸ்துக்கினு போனேன்." திருவள்ளூர் கோர்ட்டில் அன்று சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அக்கா. இன்னொருவர், புகார் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் நின்றிருந்த எங்கள் அப்பா.

அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். மீஞ்சூருக்கு மேற்கே எங்களுக்கு நெல் நிலம் இருந்தது. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நடவு நட்ட குடும்பத்துப் பிள்ளைதான் அக்கா கட்டிக்கொண்ட மாமா. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிவப்புத் துண்டோடு சேரியில் கூட்டம் போடுவார். உழுகிறவனுக்கே நிலம் வரப்போகிறது, இன்னும் சில வருஷம்தான் என்று அவர்கள் மனசார நம்பிய காலம் அது. அவர் எழுதிய துண்டுப் பிரசுரம் ஒன்று எப்படியோ அக்கா கைக்கு வந்தது. எழுத்துப் பிழைகளையெல்லாம் திருத்தி அவருக்கே திருப்பி அனுப்பினாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்ததை அச்சுக்குப் போகும் முன்பே அவளிடம் கொடுத்தனுப்பினார். அப்படித்தான் வளர்ந்தது.

அக்கா மேஜர் என்பதால் கோர்ட்டு அவளை அவள் விருப்பப்படி போகச் சொல்லிவிட்டது. சில மாதங்களில் நெருக்கடி நிலை வந்தது. பட்டறை வாசலிலேயே மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. இனி அக்கா வந்துவிடுவாள் என்று நைனா நினைத்தார். அவள் அறையைக் கழுவிவிடச் சொன்னார்.

அவள் வீட்டுக்கு வரவில்லை, நிலத்துக்கு வந்தாள். அன்று காலையில் நைனாவுக்குக் காபி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நடவு வரிசையில் குனிந்திருந்த பெண்களில் ஒருத்தியின் முதுகு எனக்குத் தெரிந்த முதுகாக இருந்தது. நைனாவும் பார்த்துவிட்டார். "அவளை மேல ஏறச் சொல்லு" என்றார் என்னிடம். போய்ச் சொன்னேன். அக்கா நிமிரவில்லை. "வேலைக்கு வந்துக்கிறேன். முடிச்சிட்டு ஏறுவேன்னு போய்ச் சொல்லு."

"அந்தப் பொண்ணு என் நெலத்துல கால் வைக்கக் கூடாது. மத்தவங்க நடுங்க" என்று நைனா வரப்பிலிருந்து குரல் கொடுத்தார். மாமாவின் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "என் மருமவ ஏறணும்னா நாங்களும் ஏறணும்" என்றார். நைனாவிடம் எப்போதும் 'ஆண்டே' என்று பணிந்தே தொடங்குகிறவர், அன்று அந்தச் சொல்லே இல்லாமல் பேசினார். கையிலிருந்த நாற்றுமுடிகளைச் சேற்றிலேயே போட்டுவிட்டு எல்லாப் பெண்களும் கரையேறினார்கள். ஏறாமல் இறங்காமல் வரப்பிலேயே நின்றவள் நான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டு நாள் நைனா பக்கத்து ஊர்களில் ஆள் தேடினார். யாரும் வரவில்லை. பறித்த நாற்று வெயிலில் வாடத் தொடங்கியது. மூன்றாம் நாள் காலை தாமே சேரி முனைக்குப் போய் நின்றார். "வந்து நடுங்க" என்றார்.

"யாரு யாரு?" என்று கேட்டார் மாமாவின் அம்மா.

நைனா குனிந்து செருப்பைப் பார்த்தார். "எல்லாரும்" என்றார்.

நெருக்கடி நிலை முடிந்து மாமா வெளியே வந்தபோது அவருக்கு ஒரு காது கேட்கவில்லை. அவர்கள் எதிர்பார்த்த புரட்சி வரவில்லை. உழுதவர்கள் கைக்கு நிலமும் வரவில்லை. நைனா காலத்துக்குப் பிறகு அது விற்றுப்போய், இப்போது அங்கே தகரக் கூரை போட்ட கிடங்கு நிற்கிறது.

போன மாதம் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மாமாவுக்குப் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டது இதுதான் முதல்முறை. பந்திக்குப் போகும் வழியில் சித்தப்பா அக்காவை நிறுத்தினார். "நீங்க சொன்ன புரட்சி கடைசி வரைக்கும் வர்லியேம்மா. இத்தினியும் உட்டுட்டுப் போய் இன்னா கண்ட?"

அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. "வர்லன்னா, கூப்ட்டது தப்பாயிடுமா சித்தப்பா?" என்றாள்.

முன்வரிசையில் மாமாவை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு இலைகளுக்கும் தண்ணீர் தெளித்தாள். சித்தப்பா அந்த வரிசையிலேயே காலியாக இருந்த ஓர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.