குரல் கொடுத்த கோல்கீப்பர்

மோசஸின் முட்டி உடைந்து முப்பத்திரண்டு வருஷமாகிறது. பேங்க் ஹாக்கி டீமில் அவருக்கு அதுதான் கடைசி ஆட்டம். பந்தைத் தடுக்க ஓடியவர் மேல் சொந்த டீம் கோல்கீப்பர் சலாஹுதீனே வந்து மோதிவிட்டார்.

"அவன் குரலே குடுக்கலைங்க சார்" என்று கோச்சிடம் மோசஸ் சொன்னது பொய். "விடு மோசே, நான் பாத்துக்கறேன்!" என்று சலாஹுதீன் தொண்டை கிழியக் கத்தியது நன்றாகவே கேட்டது. அந்தப் பொய்யால் சலாஹுதீனை டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இருவரும் சொந்த ஊரான குன்னூருக்கே திரும்பினார்கள். பெருநாள் தவறாமல் சலாஹுதீன் வீட்டுப் பிரியாணி வரும். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மோசஸ் கிளம்புவார்; நேரில் பார்த்தால் வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்புவார்.

நேற்று சலாஹுதீனை அடக்கம் செய்தார்கள். உடலை வைத்த சந்தூக்கைத் தோளில் தூக்கியவர்கள் சரிவில் விறுவிறுவென்று இறங்க, மோசஸ் நொண்டிக்கொண்டே கடைசியாகப் போய்ச் சேர்ந்தார். எல்லோரும் கலைந்த பிறகு, மகன் தவ்பீக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கத்தா அன்னிக்குக் குரல் குடுத்தாருப்பா. கேட்டும் நாந்தான் போய் விழுந்தேன்."

"ஆறுதலுக்குச் சொல்லாதீங்க அங்கிள். 'நான் கத்த மறந்துட்டேன்டா, மோசே காலு போயிருச்சு'ன்னு கடைசியா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கூட அத்தா அழுதாருங்க."

"நெசமாத்தான் தம்பி..."

தவ்பீக் அவர் கையைத் தட்டிக்கொடுத்தான். குனிந்து, அவர் கழற்றி வைத்திருந்த செருப்பை எடுத்துக் காலருகே வைத்தான்.