பிரசார லாரியில் ஒன்பது நாள்

1. வாயை மூடும் இடங்கள்

சிங்கப்பூர் தேக்காவில் கபூர் பாயின் சவுண்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எங்கெங்கே பேசக் கூடாது என்பதைத்தான் அவர் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தார். "ஸ்டெல்லா, பேச எல்லாருக்கும் தெரியும். வாயை மூடத் தெரிஞ்சவளுக்குத்தான் இங்க வேலை" என்றார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது வால்யூம் ஸீரோ. பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடந்தால் ஸீரோ. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே துக்க வீட்டுப் பந்தல் தெரிந்தால் தூரத்திலேயே ஸீரோ. பந்தலைத் தாண்டி முனை திரும்பிய பிறகுதான் மறுபடி சத்தம்.

இருபத்தெட்டு வருஷம் அந்தக் கடையில் இருந்தேன். கல்யாணம், டின்னர் அண்ட் டான்ஸ், கடை திறப்பு விழா, எல்லாவற்றிலும் என் குரல்தான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வாசகம் வாசிப்பதும் நான்தான். நான் வாசித்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்கூட எழுந்துவிடுவார் என்று ஃபாதர் சொல்வார். அது பாராட்டா புகாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

இந்தக் குரலை வைத்துக்கொண்டு ஒரு தேர்தலில் நான் அடித்த கூத்தை எழுதச் சொல்லிக் கடையில் இப்போது இருக்கும் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். எழுதிவிடுகிறேன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது, அதனால் வரிசை கொஞ்சம் முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2. பதினான்கு கடிதம்

ஈசூனில் என் புளோக்குக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவே ஒரு ரோடு. வளைந்து வரும் ரோடு. பஸ் வருவது கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரியும். சிக்னலில் கடக்க வேண்டுமானால் இரண்டு பஸ் ஸ்டாப் தூரம் நடக்க வேண்டும். என் கணவர் ஆரோக்கியத்துக்கு ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து இடது கால் இழுக்கும். ஒருநாள் பாதி ரோட்டில் ஹார்ன் சத்தம் கேட்டுப் பதறி, நடுத்திட்டில் விழுந்துவிட்டார். பெரிய காயம் இல்லை. ஆனால் மார்க்கெட் டீக்கடையில் கூட்டாளிகள் மூன்று பேரோடு காலையில் உட்கார்ந்து பேசுவதை அன்றோடு விட்டுவிட்டார்.

ஏழாவது மாடி ஜன்னலில் நின்று அந்த மூன்று பேரையும் பார்த்துக்கொண்டே நான் போட்ட டீயைக் குடிப்பார். "உன் டீயே போதும் ஸ்டெல்லா" என்பார். என் டீயின் லட்சணம் எனக்குத் தெரியும். அதனால்தான் அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

எங்கள் புளோக்கில்தான் ஜெயசீலன் சார் இருந்தார். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கொசுவைக்கூட 'எக்ஸ்கியூஸ் மீ' சொல்லித்தான் அடிப்பார். அந்த வளைவில் ஒரு சிக்னல் வேண்டும் என்று பதினான்கு கடிதம் எழுதினார். வெறும் கோரிக்கை இல்லை. எத்தனை மணிக்கு எத்தனை பஸ், எந்தப் பக்கம் மரம் மறைக்கிறது என்று படம் போட்ட கடிதங்கள். பதினான்குக்கும் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தங்கள் அக்கறைக்கு மிக்க நன்றி, கவனத்தில் கொள்கிறோம். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. சிக்னல்தான் இல்லை.

கடைசியில் சார் ஒரு சின்னக் கட்சியில் சேர்ந்து தேர்தலில் நின்றுவிட்டார். எதிரே நின்றவர் எங்கள் வட்டாரத்து எம்பி. அவரும் தமிழர்தான். சிரித்த முகம், எல்லார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் வருகிறவர். அவர் மேல் யாருக்கும் கோபம் வராது. எதிர்க்கட்சிக்காரருக்கு இதைவிட வேறு தலைவலி வேண்டுமா?

பிரசாரத்துக்கு லாரி கபூர் பாயுடையது. ஓட்டுகிறவரும் அவரே. சீனம், மலாய், ஆங்கிலம் மூன்றும் ரெக்கார்டிங். தமிழ் மட்டும் நேரடி. அவர் பக்கத்து சீட்டில், மடியில் ஆம்ப்ளிஃபயரும் கையில் மைக்குமாக நான்.

3. காராங்குனி

முதல் நான்கு நாள் சார் எழுதிக் கொடுத்த வசனத்தைத்தான் வாசித்தேன். "அன்பார்ந்த குடியிருப்பாளர்களே, உங்கள் மாலைப் பொழுதில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நேரம் கிடைக்கும்போது எங்களையும் சற்று எண்ணிப் பாருங்கள்."

வாசிக்கிற எனக்கே கொட்டாவி வந்தது. நாலாவது நாள் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "பழைய பேப்பர் எடுக்குற காராங்குனியா? இருங்க, டிவி ஒண்ணு கிடக்கு, தூக்கிட்டுப் போங்க!" என்று கத்தினார். கபூர் பாய் சிரித்த சிரிப்பில் லாரி ஒரு பக்கமாகப் போய்விட்டு வந்தது.

பிரசாரப் பொறுப்பாளர் நந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். கிரேனுக்கு மேலே இருப்பவனுக்குக் கீழே நின்று கட்டளை போட்டுப் பழகிய தொண்டை.

"சார், நீங்க ஓட்டுக் கேக்குறீங்களா, லீவு கேக்குறீங்களா? பதினாலு லெட்டர் போட்டீங்க, என்ன கிடைச்சுது? தேங்க் யூ கிடைச்சுது. சத்தம் போட்டாதான் வேலை நடக்கும் லா."

"கோபமா பேசினா கேக்குறவங்க காதை மூடிக்குவாங்க நந்தா."

"இப்ப மட்டும் தொறந்தா வச்சிருக்காங்க?"

சார் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் பேசுவேன் என்று நினைத்திருப்பார், பாவம். எனக்கோ உள்ளே வேறு ஆசை. "ஒரே ஒருநாள் சத்தம் போட்டுப் பாத்துடுவோமே சார்" என்றேன்.

4. வெளியே வாருங்கள்

நந்தா எழுதிய வசனத்தை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். "எம்பி அவர்களே! எங்கே ஒளிந்திருக்கிறீர்கள்? வெளியே வாருங்கள்! வந்து மக்களுக்குப் பதில் சொல்லுங்கள்!"

ஐயோ, என்ன சுகம்! மறைத்து என்ன ஆகப் போகிறது? அறுபத்தொரு வயதில் எனக்கு இறக்கை முளைத்தது. வாழ்நாளெல்லாம் "மாப்பிள்ளை வீட்டார் முதலில் சாப்பிட வருமாறு அன்போடு அழைக்கிறோம்" என்று சொன்ன வாய். அது இப்போது ஒரு எம்பியை அதட்டுகிறது! ஜன்னல்கள் திறந்தன. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒரு பாட்டி கரண்டியை ஆட்டினார். எனக்கு ஆதரவா எதிர்ப்பா என்றுகூட நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையை உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து முழங்கினேன்.

கபூர் பாய் முழங்கையால் இடித்தார். சபாஷ் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் ஏற்றினேன். மறுபடி இடித்தார். இன்னும் ஏற்றினேன். பிறகு பிரேக் அடித்தார்.

கண்ணைத் திறந்தால், லாரிக்கு நேர் எதிரே மஞ்சள் நீலப் பந்தல், மலர் வளையங்கள், வட்ட மேசைகள். சீனர் வீட்டுத் துக்கம். நாற்பது பேர் உரித்த கடலை கையில் இருக்க என்னையே பார்த்தார்கள். நான் கடைசியாகப் போட்ட 'வெளியே வாருங்கள்' எதிர்ப் புளோக்கில் மோதித் திரும்பி வந்து பந்தலுக்குள் போனது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் எம்பி உட்கார்ந்திருந்தார்.

இறந்தவரின் மூத்த மகன், நரைத்த தலை, எம்பியிடம் ஏதோ ஆங்கிலத்தில் கேட்டார். அந்த அம்மா எதற்குக் கத்துகிறார் என்று கேட்டிருப்பார். எம்பி பணிவாக எழுந்து விளக்கம் சொன்னார். "ஷி இஸ் காலிங் மீ. ஷி வான்ட்ஸ் மீ டு கம் அவுட்." என் வசவுக்கு அவரே மொழிபெயர்ப்பாளர்! இதைவிட ஒரு மனுஷிக்கு அவமானம் உண்டா? அப்படியே ஆம்ப்ளிஃபயருக்குள் புகுந்து மறைந்துவிடலாம் போல இருந்தது.

லாரியின் பின்தட்டில் நின்று கை அசைத்துக்கொண்டு வந்த ஜெயசீலன் சார் குதித்து ஓடினார். குடும்பத்தார் முன் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார், சவப்பெட்டிக்கு முன் நின்று மூன்று முறை வணங்கினார். அதற்குள் எம்பி இரண்டு பாக்கெட் பானத்தை எடுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

"அக்கா, வெளிய வாங்கன்னு கூப்பிட்டீங்க. வந்துட்டேன். சொல்லுங்க."

நந்தாவின் வசனம் முழுக்க எனக்கு மறந்துபோனது. சாருடைய வசனமும் வரவில்லை. என் சொந்த வாய்தான் வந்தது.

"தம்பி, துக்க வீட்டு முன்னால கத்துனது தப்பு. ஆயிரம் தடவ மன்னிப்புக் கேக்குறேன். ஆனா உங்கள கூப்பிட்டது தப்பில்ல. என் வீட்டுக்காரரு எட்டு மாசமா இந்த ரோட்டத் தாண்டல. கூட்டாளிங்க எதிர்ல உக்காந்திருக்காங்க, இவரு மேல இருந்து பாத்துக்கிட்டே இருக்காரு. ரெண்டு பஸ் ஸ்டாப் நடந்து சுத்திப் போக அவரால முடியாது. சார் பதினாலு லெட்டர் போட்டாரு. நான் வேற என்னதான் பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினேன். அந்த உறிஞ்சல் எதிர்ப் புளோக்கில் மோதி இடி மாதிரித் திரும்பி வந்தது. அப்போதுதான் தெரிந்தது, மைக் ஆனிலேயே இருக்கிறது.

எம்பியும் நிமிர்ந்து பார்த்தார். நான்கு புளோக்கிலும் ஜன்னலுக்கு ஒரு தலை. மூத்த மகன் பக்கத்தில் வந்து, என்ன விஷயம் என்று கேட்டார். எம்பி சொன்னார். கேட்ட மகன், தன் அப்பாவும் கடைசி ஒரு வருஷம் அந்த ரோட்டைக் கடக்கவில்லை, மீனைத் தானே பார்த்து வாங்க வேண்டும் என்று தினமும் சண்டை போடுவார் என்றார். பிறகு என் கையிலிருந்த மைக்கைக் காட்டி, அதற்குக் கேட்கிற மாதிரிக் குனிந்து சொன்னார். "வி ஆல்சோ வான்ட் தி லைட் லா."

கடலை மேசையிலிருந்து ஆமாம் ஆமாம் என்று நாலைந்து குரல் வந்தது.

எம்பி தொண்டையைச் செருமினார். "நாளைக்குக் காலைல ஏழரைக்கு நானே வர்றேன் அக்கா. அவரோட சேந்து நின்னு பாக்குறேன்." அதுவும் முழு வால்யூமில் ஈசூன் காற்றில் போனது. மேலே யாரோ கை தட்டினார்கள், துக்க வீடு என்று ஞாபகம் வந்து சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

முனை திரும்பிய பிறகு, "பாய், நீங்க போட்ட சட்டம்தானே. ஏன் கை நீட்டி மைக்க அணைக்கல?" என்று கேட்டேன்.

"அணைக்கத்தான் வந்தேன். நீ உன் வீட்டுக்காரரப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்ட. கை போகலம்மா."

மறுநாள் அந்தத் துக்க வீட்டுக்குக் கடையிலிருந்து நல்ல ஸ்பீக்கர் இரண்டை அனுப்பி, பிரார்த்தனை முடியும்வரை காசு வாங்காமல் விட்டுவைத்தார்.

5. யாரால் வந்தது?

சொன்னபடி எம்பி ஏழரைக்கு வந்தார். ஆரோக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார். ஒரு பஸ் போனது, லாரி போனது, இன்னொரு பஸ். ஒரு இடைவெளி பார்த்துத் தனியாக இறங்கிய எம்பி, ஹார்ன் கேட்டுத் துள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, நீங்க ஏன் வீட்டுலயே இருக்கீங்கன்னு புரியுது" என்றார். பிறகு பக்கத்தில் நின்ற சாரிடம் திரும்பி, "சார், அந்தப் பதினாலு லெட்டரோட காப்பி எனக்குக் கிடைக்குமா?" என்றார். சார் பையிலேயே வைத்திருந்தார்.

தேர்தலில் சார் தோற்றார். கொஞ்சமாகத் தோற்றார் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொய் சொல்லக் கூடாது. எம்பி ஜெயித்தார். பத்து மாதம் கழித்து வளைவில் சிக்னல் வந்தது.

சத்தத்தால்தான் வந்தது என்று நந்தா இன்றும் தேக்காவில் தோசையைப் பிய்த்துக்கொண்டே சாதிக்கிறார். சிக்னல் பற்றி நடந்த கூட்டத்தில் இன்ஜினியர்கள் புரட்டிப் பார்த்தது தன் படங்களைத்தான், அதனால் கடிதத்தால் வந்தது என்கிறார் சார். இரண்டு பேரும் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்வார்கள். தொழில் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். கத்தினால் ஆள் திரும்பிப் பார்ப்பார். மரியாதையாகப் பேசினால் நின்று கேட்பார். ஆனால் அவர் கொடுக்கிற வாக்கை நீங்கள் மட்டும் கேட்டால் போதாது, அக்கம்பக்கம் முழுக்கக் கேட்க வேண்டும். சண்டையாகப் போனாலும் சமாதானமாகப் போனாலும், மறுமொழி வரும் நேரத்தில் மைக்கை அணைத்துவிடாதீர்கள். பந்தல் இருந்தால் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் எரிந்த முதல் காலை, ஆரோக்கியத்தைக் கூட்டிக்கொண்டு கீழே போனேன். வயதானவர்கள் தங்கள் முதியோர் கார்டைச் சிக்னல் கம்பத்தில் தட்டினால் பச்சை மனிதன் கூடுதலாகச் சில விநாடி நிற்பான். அவர் கார்டைத் தட்டினார். நான் கையைப் பிடிக்கப் போனேன். "நீ இங்கேயே நில்லு" என்றார். பஸ் ஒன்று, வேன் ஒன்று, இரண்டு மோட்டார் சைக்கிள், எல்லாம் வரிசையாக நின்றன. என் புருஷன் இடது காலை இழுத்து இழுத்து, அவசரமே இல்லாமல், நடு ரோட்டில் ராஜா மாதிரி நடந்தார். எதிர்ப்பக்கம் மூன்று கிழவர்களும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்கள்.

போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மனுஷன் திரும்பி என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார். நான் இந்தப் பக்கம் தனியாக நின்று, கண்ணில் தண்ணீர் வர வர, பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்க்கும்படி சிரித்தேன்.